அஞ்சல்தலையில் ஒளிரும் மணிகள்

அஞ்சல்தலை சேகரிப்போருள் நாடுவாரியாகத் திரட்டுவோர் உளர். பறவை, பாலம், விளையாட்டு என ஒரு பொருளை மட்டும் தேர்ந்து திரட்டுவோரும் உளர். பின்னதைக் கருப்பொருள் சேகரிப்பு என்பர். கனிமங்களும் மணிக்கற்களும் அத்தகைய கருப்பொருள்களுள் அடங்கும். சுவிட்சர்லாந்து 1958ஆம் ஆண்டில் புளோரைட்டு, கார்னெட், பளிங்கு ஆகியவற்றை அஞ்சல்தலைகளில் வெளியிட்டது. அமெரிக்கா 1974இல் செவ்வந்திக்கல், டூர்மலின் உள்ளிட்ட நான்கினைச் சாய்சதுர வடிவில் அச்சிட்டது.

ஒரே கனிமம், இரு நிறங்கள்

பிரேசில் 1977இல் வெளியிட்ட அஞ்சல்தலைகளில் மரகதமும் அக்வாமரின் எனப்படும் கடல்நீல மணியும் இடம்பெற்றன. ஒன்று பச்சை, மற்றொன்று நீலம். எனினும் இரண்டும் பெரில் என்னும் ஒரே கனிமமே. பெரிலியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் ஆகிய தனிமங்களாலான இக்கனிமம் அறுகோணப் படிகமாக வளர்கிறது. அதனுள் குரோமியம் சிறிதளவு கலந்தால் மரகதப் பச்சை தோன்றும். இரும்பு கலந்தால் கடல்நீலம் தோன்றும். இவ்வாறு அருகருகே வைத்து ஒப்பிடும்போது அஞ்சல்தலை ஏடு நிலவியல் பாடமாகிறது.

கொங்குநாட்டின் பெரில்

பிரேசில் அஞ்சல்தலையில் காணும் அதே கடல்நீல மணி கொங்குநாட்டு மண்ணிலும் விளைந்தது. காங்கேயத்தை அடுத்த படியூரில் 1819–20ஆம் ஆண்டுகளில் 2,196 மணிகள் தோண்டி எடுக்கப்பட்டன. அவற்றின் மதிப்பு 1,201 பவுன்.

இதன் வரலாறு இன்னும் தொன்மையானது. நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனக் குறிக்கப்படும் ஊராகக் கருதப்படுகிறது. அங்குத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில் பெரில், நீலம், பளிங்கு முதலிய கற்களும், பணி முற்றுப்பெறாத மணிகளும் கிடைத்தன. பெரில் இந்தியாவிலிருந்து வருவதென்றும் பிற இடங்களில் அரிதென்றும் உரோம அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதினார். கோவையை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த உரோமக் காசுகள் அவ்வணிகத்தை நினைவூட்டுகின்றன.

பெயரும் ஊரும்

பட்டை தீட்டி அணிகலனில் பதித்த மணி, தான் பிறந்த ஊரைச் சொல்வதில்லை. கொடுமணல் மணித்தொழிலுக்குச் சான்றாக நிற்பவை, விலைபோன மணிகள் அல்ல. பட்டறையிலேயே தங்கிவிட்ட முற்றுப்பெறாத மணிகளும் கழிவுச் சில்லுகளுமே. அஞ்சல்தலையோ மணியின் உருவத்தோடு அதனை வெளியிட்ட நாட்டின் பெயரையும் தாங்குகிறது. ஆண்டையும் பெரும்பாலும் அறியலாம். ஆகவே, சேகரிப்பாளர் ஒவ்வொரு தலையின் கீழும் கனிமத்தின் பெயர், அதன் தன்மை, அது கிடைக்கும் இடங்கள் ஆகியவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். கடல்நீல மணியின் கீழ்ப் படியூர் என்று எழுதும் மாணவர், தம் காலடி மண்ணின் வரலாற்றையும் அவ்வேட்டில் சேர்த்தவராவார்.