பாட்டும் இசையும் கம்ப்யூட்டரில் ஒன்று சேர்வது எப்படி?

கம்ப்யூட்டரில் பாட்டு பதிவு பண்ணப் போய் நான் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். அதே தப்பை நீங்களும் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்க அப்பத்தா தாலாட்டு பாடினால் தெருவே நின்று கேட்கும். சித்தப்பா பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பார். சித்திக்குப் பாப்பா பிறந்தபோது, இந்த இரண்டையும் சேர்த்துப் பதிவு பண்ணி வைக்கலாம்னு எனக்கு ஆசை வந்தது. மாமா வீட்டு கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற மென்பொருள் இருந்தது. அது இலவசம். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999இல் எழுத ஆரம்பித்து, 2000இல் வெளியிட்டார்கள்.

முதல் நாள் ஆர்மோனியத்தை மட்டும் பதிவு பண்ணினேன். மறுநாள் அதை ஸ்பீக்கரில் சத்தமா ஓடவிட்டு, அப்பத்தா கையில் மைக்கைக் கொடுத்துப் பாடச் சொன்னேன். பிறகு கேட்டுப் பார்த்தால் ஆர்மோனியம்தான் கத்துகிறது! அப்பத்தா, "ஏத்தா, இதுல நான் எங்கத்தா இருக்கேன்? பெட்டிதான பாடுது" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போச்சு.

ஏன் இப்படி ஆச்சு? மைக்குக்கு அப்பத்தா யார், ஆர்மோனியம் எது என்று தெரியாது. காற்றில் வரும் அதிர்வு எல்லாம் சேர்ந்து ஒரே அலையாகத்தான் அதற்குப் போய்ச் சேரும். அந்த அலையை கம்ப்யூட்டர் நொடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக எழுதிக்கொள்ளும். சிடியில் இருக்கும் பாட்டுக்கும் இதே கணக்குதான். ஒரு எண் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 7ம் 5ம் சேர்ந்த 12 ஆ, 8ம் 4ம் சேர்ந்த 12 ஆ? கணக்கு டீச்சராலேயே சொல்ல முடியாது! இப்போது குரலையும் இசையையும் பிரித்துக் கொடுக்கும் மென்பொருட்கள் வந்திருக்கின்றன. மாமா ஒன்றில் போட்டுப் பார்த்தார். குரல் பிரிந்து வந்தது, ஆனால் பானைக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி இருந்தது.

சரி, அடுத்த வாரம் திரும்பப் பாட வைக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் அப்பத்தாவுக்கு முன்பல் மூன்றை எடுத்துவிட்டார்கள். இப்போதும் அதே ராகம்தான், ஆனால் சில எழுத்துகள் காற்றாகப் போகின்றன. பல் இருந்த காலத்துக் குரல் அந்தக் கெட்டுப்போன பதிவில் மட்டும்தான் இருக்கிறது. அதை நான் அழிக்கவில்லை.

இனி சரியான முறை. ஸ்பீக்கரை அணைத்துவிட வேண்டும். பாடுகிறவர் ஹெட்போனில் இசையைக் கேட்டுக்கொண்டே பாட வேண்டும். அப்போது மைக்குக்குள் குரல் மட்டும்தான் போகும். மேசைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் பெரும்பாலும் பச்சை ஓட்டை ஹெட்போனுக்கு, ரோஸ் ஓட்டை மைக்குக்கு. மென்பொருளில் 'ஓவர்டப்' என்ற இடத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். டிக் இருந்தால்தான் பழைய பதிவு ஓட ஓடப் புதியது பதிவாகும். மாமா வைத்திருக்கும் பதிப்பில் 'ஆர்' எழுத்தை மட்டும் அழுத்தினால் குரல் ஆர்மோனியத்தின் வாலில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் கீழே தனித் தடம் வருகிறது. தனித் தடம் என்றால் ரொம்ப வசதி. குரலை மட்டும் கூட்டலாம், குறைக்கலாம், தப்பு வந்தால் குரலை மட்டும் திரும்பப் பாடலாம்.

அமெரிக்காவில் லெஸ் பால் என்ற கிடார் கலைஞர், 1948இல் வந்த 'லவர்' என்ற தன் இசைத்தட்டுக்காக எட்டு கிடார் வாசிப்பை ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிந்தார். எட்டும் அவர் ஒருத்தர் வாசித்ததுதான். பழைய தட்டு ஓட ஓட, கூடவே வாசித்துப் புதுத் தட்டில் பதிவு. நடுவில் பிசகினால் அந்தத் தட்டு வீண். நமக்கு ஒரு அழுத்தில் அழிந்துவிடுகிறது, நாம் அதற்கே சலித்துக்கொள்கிறோம்!

ஹெட்போன் போட்டும் இன்னொரு வில்லங்கம் வந்தது. அப்பத்தா சரியாகத்தான் பாடினார், பதிவில் குரல் பின்தங்கியே வந்தது. காலைப் பிரேயரில் கவனித்திருப்பீர்களே, கடைசி வரிசை பாடுவது முன்னால் நிற்பவர்களுக்குச் சற்றுத் தாமதமாகக் கேட்கும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். கம்ப்யூட்டரில் தாமதம் வேறு காரணத்தால் வருகிறது. அது இசையை வெளியே அனுப்பவும், குரலை உள்ளே வாங்கி எண்ணாக்கவும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆடாசிட்டி உத்தேசமாக 130 மில்லிநொடி கழித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஒலி 44 மீட்டர் போய்விடும். ஆனால் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் தாமதம் ஒன்றல்ல. ப்ளூடூத் ஹெட்போன் இன்னும் மோசம், ஒயர் உள்ளதுதான் நல்லது.

இதற்கு மாமா ஒரு வழி சொன்னார். ஆர்மோனியம் பதியும்போது முதலில் நாலு கைத்தட்டு, பிறகு பத்து நொடி சும்மா, அப்புறம் வாசிப்பு. குரல் பதியும்போது அந்த நாலு தட்டும் முடியும்வரை ஹெட்போனை மைக்கின் மேல் ஒட்டிவைத்துவிட்டு, பிறகு எடுத்து அப்பத்தா காதில் மாட்டினேன். இப்போது இரண்டு தடத்திலும் அதே நாலு தட்டு முள் முள்ளாகத் தெரிந்தது. குரல் தடத்தை மெல்ல இழுத்து முள்ளுக்கு முள் சேர்த்தேன். தாலாட்டு இசையில் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் தட்டை மட்டும் வெட்டிவிட்டேன்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். ஃபேனை நிறுத்துங்கள். அலையின் உச்சி மேல் கோட்டில் முட்டித் தட்டையாகிவிட்டால் கரகர என்றுதான் கேட்கும், பிறகு குறைத்தாலும் போகாது. சேமிக்கும்போது தடங்கள் பிரிந்தே இருக்கும் ப்ராஜெக்ட் கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். வேவ் கோப்பு ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும், எம்பி3 அதைவிடச் சின்னது.

மாமாவின் பென் டிரைவில் இரண்டு தாலாட்டும் இருக்கிறது. பாப்பா இரண்டாவதுக்குத்தான் தூங்குகிறது. அப்பத்தா மட்டும் முதல் பதிவைப் போடச் சொல்லி, ஸ்பீக்கரில் காதை வைத்து ஆர்மோனியத்துக்குள் தன்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்.