பட்டாளத்து லாரியைப் பேணுதலும் பழுது பார்த்தலும்

1945-ஆம் வருஷத்தில் இரண்டாவது உலக மகாயுத்தம் முடிவுற்றபின், பட்டாளத்துக்கு வேண்டாமென்று கழிக்கப்பட்ட லாரிகள் இந்நாட்டில் ஏராளமாக விற்பனைக்கு வந்தன. அவற்றுள் பல கனடா தேசத்தில் செய்யப்பட்டவை. போர்டு, செவர்லே என்னும் இரு கம்பெனிகளும் ஒரே மாதிரியான குட்டை மூக்குடன் சுமார் 4 லட்சம் லாரிகளை யுத்த காலத்தில் அங்கே செய்தன. நன்கு பேணப்பட்டவை நெடுங்காலம் உழைத்தன. பர்மாவில் அவற்றின் சேஸிஸ் மீது மரக்கூடு கட்டி ஓட்டிய பஸ்கள் 2000-ஆம் வருஷத்துக்குப் பின்னரும் ஓடின. நமது பண்ணைகளிலும் பாட்டனார் வாங்கிய லாரி ஒன்று கொட்டகையில் நிற்பது உண்டு. அதை மீண்டும் ஓட்ட விரும்புவோர் கவனிக்க வேண்டியவற்றை இங்கு எழுதுகிறேன்.

சென்ற அறுவடைக்கு முன் ஒரு மிராசுதார் தமது லாரியைப் பார்க்க என்னை அழைத்திருந்தார். நான் சென்றபோது அவர் குமாரர் முன் சக்கரத்தின் எதிரே அமர்ந்து, அதன் வெளிவட்டத்து நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு நட்டுகள் தரையில் கிடந்தன. டயருக்கு முதல் நாள்தான் காற்று அடைத்ததாகச் சொன்னார்கள். "தம்பி, ஸ்பானரைப் போட்டுவிட்டு உடனே அப்பால் வாருங்கள்" என்று நான் கூவியதும், காரணம் தெரியாமலே அவர் எழுந்து வந்தார். அவர் அன்று பிழைத்தது தெய்வாதீனம்.

இவ்வகை லாரிகளின் சக்கரம் இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டது. வெளிவட்டத்து நட்டுகள் அவ்விரு பாதிகளையும் சேர்த்துப் பிடிப்பவை. உள்வட்டத்து நட்டுகளே சக்கரத்தை அச்சில் பொருத்துபவை. 16 அங்குலச் சக்கரத்தின் பரப்பு ஏறக்குறைய 200 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு காற்று இருந்தால், இரு பாதிகளையும் பிரித்துத் தள்ளும் விசை 8,000 பவுண்டு, அதாவது மூன்றரை டன்னுக்கு மேற்பட்டது. காற்றுள்ளபோது வெளிவட்டத்து நட்டுகளைத் தளர்த்தினால், சக்கரத்தின் பாதி பீரங்கிக் குண்டுபோல் எதிரிலுள்ளவன்மேல் பாயும். இதனாலேயே பட்டாளத்தில் அந்நட்டுகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசி எச்சரித்தனர். பின்னர் வண்டிக்குப் புது வர்ணம் அடித்தவர்கள் அந்த எச்சரிக்கையையும் சேர்த்து மறைத்துவிட்டனர்.

ஆகையால் சக்கரத்தைத் தொடுமுன் வால்வின் உள் ஊசியைக் கழற்றி, காற்று முழுவதையும் வெளியேற்றுக. அப்போது சக்கரத்தின் முகத்துக்கு எதிரே நில்லாமல், டயர் தரையில் உருளும் பட்டைக்கு நேராக நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் வெளிவட்டத்து நட்டுகளுக்கு மீண்டும் சிவப்பு வர்ணம் பூசுக. செலவு மிகச் சொற்பம். ஓர் உயிரைக் காக்கும்.

இனி மற்றப் பாகங்களைக் கவனிப்போம்.

1. எண்ணெய்: செவர்லே இஞ்சின் 6 சிலிண்டர்களும் 85 குதிரைச் சக்தியும் உடையது. இதன் கனெக்டிங் ராடுகளின் பேரிங், ஒயிட் மெட்டல் வார்த்துச் செய்தது. ராடின் அடியிலுள்ள சிறு கரண்டி, கீழ்த் தொட்டியிலுள்ள எண்ணெயை வாரி இறைப்பதால்தான் அது உராயாமல் ஓடுகிறது. நெடுநாள் நின்ற வண்டியில் அத்தொட்டி கசடு கட்டியிருக்கும். அப்படியே இஞ்சினை ஓட்டினால் சில மைல்களுக்குள் மெட்டல் உருகிவிடும். எனவே தொட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது எண்ணெய் நிரப்புக. சிலிண்டர்களிலும் சிறிது எண்ணெய் விட்டு, கைப்பிடியால் இஞ்சினைப் பல முறை சுழற்றிய பின்னரே கிளப்புக.

2. பெட்ரோல்: பழைய பெட்ரோலையும் டாங்கியின் துருவையும் அடியோடு நீக்குக. இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலந்துள்ளது. பழைய ரப்பர்க் குழாய்கள் அதைத் தாங்கா. புதிய குழாய் போடாவிடில் கசிவும் நெருப்பும் நேரலாம்.

3. பேட்டரி: இந்த லாரிகளில் பெரும்பாலானவை 6 வோல்ட்டில் ஓடுபவை. கடையில் எளிதில் கிடைக்கிறதென்று 12 வோல்ட் பேட்டரியை இணைத்தால் விளக்குகளும் காயிலும் கெட்டுவிடும்.

4. ஜலம்: போர்டு இஞ்சின் 8 சிலிண்டர்களும் இரண்டு ஜலப் பம்புகளும் உடையது, வெயிலில் எளிதில் கொதிக்கும். ரேடியேட்டரின் உட்புறச் சுண்ணாம்பையும் வெளிப்புறத் தூசியையும் போக்குக. கொதிக்கும்போது மூடியைத் திறத்தல் கூடாது.

5. பிரேக்கு: பிரேக்குக்கு அதற்குரிய திரவத்தையே ஊற்றுக. இஞ்சின் எண்ணெயோ மண்ணெண்ணெயோ விட்டால் உள்ளேயிருக்கும் ரப்பர் வாஷர்கள் உப்பி, சில நாட்களில் பிரேக்கு பிடிக்காமற் போகும். பழைய வாஷர்களை மாற்றிய பின்னரே பாரம் ஏற்றுக.

6. முன் அச்சு: நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பு சேற்றுக்கும் மணலுக்கும் ஏற்பட்டது. தார் ரோட்டில் முன் அச்சைப் பூட்டி ஓட்டினால் டயரும் கியரும் வீணில் தேயும். ரோட்டுக்கு ஏறியதும் லீவரை விடுவித்துவிடுக.

7. பாரம்: செவர்லேயில் சி-15, சி-30, சி-60 என்றும், போர்டில் எப்-15, எப்-30, எப்-60 என்றும் குறித்திருக்கும். அவ்வெண் ஏற்றத்தக்க பாரத்தை அந்தர்க் கணக்கில் காட்டுவது. 20 அந்தர் ஒரு டன். ஆகவே சி-60 என்பது 3 டன் வண்டி. இது புதிதாயிருந்தபோது குறித்த அளவு. பழைய வண்டிக்கு அதிற் குறைத்தே ஏற்றுதல் விவேகம்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பட்டாளத்து எண் பொதுச் சாலையில் ஓட்டுவதற்கான பதிவு ஆகாது. முறையான பதிவும் தகுதிச் சான்றும் உள்ளனவா என்று விசாரித்தறிந்து, இல்லையேல் உரியவருக்கு எடுத்துச் சொல்லுதல் நலம். வண்டி பழுது பார்க்குமிடத்தில் சிறுவர் கூடுவது வழக்கம். அவர்களைச் சக்கரத்தருகே விடாதிருக்கச் செய்க.

நான் சொன்ன மிராசுதார் அவ்வறுவடைக்கு லாரியை நம்பாமல் வாடகை வண்டி அமர்த்தினார். பின்னர் இரண்டு மாதம் பொறுமையாக வேலை செய்து, தை மாதத்தில் வண்டியை எரு அடிக்க விட்டார். எட்டு மாட்டு வண்டிகளின் வேலையை அது தனியே செய்கிறது. சக்கரத்து நட்டுகளுக்கு முதன்முதல் சிவப்பு வர்ணம் பூசியவர் அக்குமாரரே. அவ்வாறே பிற விவசாயிகளும் அவசரத்தை விடுத்து, முதலில் சக்கரத்தையும் பிரேக்கையும், பிறகு இஞ்சினையும் சீர்செய்து பயனடைவார்களாக.