போத்தலில் நூறு வீதம், பீங்கானில் எவ்வளவு?

கட்டாரிலிருந்தோ ரியாத்திலிருந்தோ லீவில் வருகிறவரின் பெட்டியைத் திறந்தால் பேரீச்சம்பழம், பால்மா, அத்தர், வலித் தைலம் எல்லாம் இருக்கும். இப்போது அவற்றோடு ஒரு மல்டி விற்றமின் போத்தலும் கட்டாயமாகிவிட்டது. கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் அலுமாரித் தட்டுகளில் அந்தப் போத்தல்களைக் காணலாம். உம்மாவுக்கு ஒன்று, ராத்தாவுக்கு ஒன்று, முழங்கால் வலிக்கிறதென்ற மாமிக்கு ஒன்று. லேபலில் ஒவ்வொரு சத்துக்கும் நேரே ஒரு வீதம் அச்சிட்டிருக்கும். அனேகமாக 100, சிலவற்றுக்கு அதையும் தாண்டும். குளிசையை விழுங்கிவிட்டால் அன்றைய தேவை முடிந்தது என்று வீட்டில் ஒரு நிம்மதி.

அந்த நூறு யாருடைய நூறு என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்க முறைப்படி அச்சிட்ட லேபலில் இரும்புக்கு 18 மில்லிகிராம், கல்சியத்துக்கு 1300 மில்லிகிராம், புரதத்துக்கு 50 கிராம் என்று ஒரே அளவுதான் நூறு வீதம். ஆணா பெண்ணா, இருபது வயதா எழுபதா என்ற கேள்வி அங்கே இல்லை. அதே நாட்டின் விரிவான அட்டவணையோ ஆளுக்கு ஆள் வேறு கதை சொல்கிறது. 19 முதல் 50 வயது வரையான பெண்ணுக்கு இரும்பு 18 மில்லிகிராம். கர்ப்பிணிக்கு 27. வயது வந்த ஆணுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் வெறும் 8. ராத்தாவுக்கு அளவான குளிசையை வாப்பாவும் விழுங்கினால் அவருக்குத் தேவையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அதற்கும் மேல் அவர் சாப்பிடும் மாட்டிறைச்சியும் மீனும் வேறு இருக்கின்றன.

இந்த அட்டவணைகள் பிறந்தது யுத்த காலத்தில். 1941 மே மாதம் வாஷிங்டனில் கூடிய தேசிய போஷாக்கு மாநாட்டில்தான் அமெரிக்காவின் முதல் பட்டியல் வெளியே வந்தது. லிடியா ரொபேர்ட்ஸ் என்ற பேராசிரியை தலைமை தாங்கிய குழு தயாரித்தது. சிப்பாய்க்கும் குடிமகனுக்கும் எவ்வளவு சாப்பாடு திட்டமிட வேண்டும் என்பதே அன்றைய கவலை. ஒரு கூட்டத்துக்கே சேர்த்துப் போட்ட கணக்கு என்பதால் கொஞ்சம் தாராளமாகத்தான் போடுவார்கள். இன்றும் வழக்கம் அதுவே. ஆரோக்கியமானவர்களில் 97, 98 வீதமானவர்களின் தேவையைத் தொடும் இடத்தில்தான் கோடு கிழிக்கப்படுகிறது. ஆகவே பெரும்பாலானோருக்கு உண்மைத் தேவை அந்தக் கோட்டுக்குக் கீழே. ஒரு நாள் கோட்டைத் தொடாவிட்டால் குறைபாடு வந்துவிட்டது என்று பதறத் தேவையில்லை.

'ஒரு நாளைக்கு' என்று எழுதியிருந்தாலும் உடம்பு ஒவ்வொரு இரவும் கணக்கை மூடுவதில்லை. விற்றமின் ஏ ஈரலில் மாதக் கணக்கில் தங்கும். பி12 வருடக் கணக்கில் தங்கும். விற்றமின் சி கூட ஓரிரு நாளில் தீர்ந்துவிடாது. நோன்பு மாதத்தில் ஸஹரையும் இப்தாரையும் வைத்துக்கொண்டு இதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. பல நாள் சராசரிதான் முக்கியம். முப்பது நாளும் இப்தார் சமோசாவிலும் கட்லட்டிலும் சர்பத்திலுமே நின்றுவிட்டால் சராசரியும் அதற்கேற்றபடிதான் வரும், அது வேறு விஷயம்.

இந்தக் கரையோரத்தில் உண்மையில் கவலைப்பட வேண்டிய சத்து எது என்று கேட்டால், இரும்பு என்பேன். அதுவும் பெண்களின் இரும்பு. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து 2004இல் வெளியிட்ட அட்டவணையில் ஒரே பெண்ணுக்கு நாலு அளவுகள் இருக்கின்றன: 19.6, 24.5, 29.4, 58.8 மில்லிகிராம். ஆள் மாறவில்லை, வயதும் மாறவில்லை. சாப்பாட்டிலிருந்து குடல் எத்தனை வீதத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் மாறுகிறது. 15 வீதம் பிடித்தால் முதல் அளவு போதும். 5 வீதம்தான் பிடிக்கிறதென்றால் 58.8 வேண்டும். எந்தச் சாப்பாட்டாலும் அதை எட்டுவது கஷ்டம். சோறு, பருப்பு, கீரை இவற்றில் உள்ள இரும்பு லேசில் உடம்பில் சேராது. மீனிலும் இறைச்சியிலும் உள்ள ஒரு வகை இரும்பு நன்றாகச் சேரும், பக்கத்தில் இருக்கும் கீரை இரும்பையும் இழுத்துக்கொண்டு போகும். தேசிக்காய்ப் புளி, கொய்யா, நெல்லி இவற்றின் விற்றமின் சியும் அப்படித்தான். ஆகவே முருங்கையிலைச் சுண்டலில் கடைசியாகப் பிழியும் அரைத் தேசிக்காய் ருசிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

இதை எல்லாம் கவிழ்த்துப் போடுவது சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டீ. பகல் சோறு முடிந்து கை கழுவி வருவதற்குள் சீனி தூக்கலாகப் போட்ட சாயம் முன்னால் வந்து நிற்கும். இல்லையென்றால் சாப்பிட்டது போலவே இருக்காது நம்மவர்களுக்கு. தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் கீரை, பருப்பு இரும்பைப் பிடித்துக் கட்டிவிடுகின்றன. உடம்பில் சேரும் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரம் விட்டால் இந்தத் தடை வெகுவாகக் குறையும். தேத்தண்ணியை விடச் சொல்லி இந்த ஊரில் யாரும் வாக்கு வாங்க முடியாது, நானும் சொல்லவில்லை. தள்ளிப் போடச் சொல்கிறேன். கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கும் கர்ப்பிணிகளுக்கு மட்டும் இதை இரண்டு தரம் சொல்ல வேண்டும். அதைத் தண்ணீரோடு குடியுங்கள். கல்சியக் குளிசையும் தந்திருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள்.

இரும்பு என்றதும் பேரீச்சம்பழத்தைக் காட்டுவது நம் வழக்கம். நோன்பு திறக்க அதைவிட நல்ல பண்டம் இல்லை. உடனே சக்தி தரும், பொட்டாசியம் இருக்கிறது, நார் இருக்கிறது. ஆனால் 100 கிராமில் இரும்பு ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான். முருங்கையிலைக்கு இப்போது இணையத்தில் பெரிய புகழ். அங்கே சொல்லும் பெரிய பெரிய அளவுகள் காய்ந்த தூளுக்கு உரியவை. பச்சை இலை 100 கிராமில் 4 மில்லிகிராம் அளவில்தான் இரும்பு. 100 கிராம் இலை என்பதும் ஒரு பெரிய சட்டி, சுண்டியபின் அது ஒரு கைப்பிடி. என்றாலும் அதை விட்டுவிட வேண்டாம். கல்சியமும் விற்றமின் ஏ ஆக மாறும் கரோட்டினும் அதில் தாராளம். தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டுவதால் அந்தக் கரோட்டின் உடம்பில் சேர வேண்டிய கொழுப்பும் கூடவே கிடைத்துவிடுகிறது. உம்மம்மாக்களின் கைப்பழக்கத்தில் இப்படிச் சில விஷயங்கள் சரியாகவே அமைந்திருக்கின்றன.

அடுத்தது புரதம். உடம்பு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்ன கணக்கு. இந்தியாவின் 2020 அட்டவணையும் அதையே எடுத்துக்கொண்டது. 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 46 கிராம் அளவில் வரும். கல்முனையில் ஒரு சாதாரண வீட்டுப் பெண்ணின் பீங்கானில் இதைப் போட்டுப் பார்ப்போம். காலையில் 80 கிராம் மாவில் சுட்ட ரொட்டியும் சம்பலும், 8 கிராம். பகல் 125 கிராம் அரிசிச் சோறு, 9 கிராம். ஒரு சின்னத் துண்டு மீன், 50 கிராம் என்று வைத்தால் 10 கிராம். 20 கிராம் பருப்பில் ஆக்கிய கறி, 5 கிராம். இரவு இடியப்பமும் சொதியும், 6 கிராம். மொத்தம் 38. இன்னும் 8 கிராம் குறைகிறது. ஒரு முட்டையும் சின்னக் கிண்ணம் எருமைத் தயிரும் போட்டால் நிரம்பிவிடும். புரதத் தூள் டின் வாங்க வேண்டிய இடைவெளி இல்லை அது.

மீன் துண்டை எடுத்துவிட்டால் மொத்தம் 28க்கு இறங்கிவிடும். இந்தத் துண்டு யாருக்குப் போகிறது என்பதில்தான் பல வீடுகளின் கணக்கு இருக்கிறது. வாப்பாவுக்கு நடுத்துண்டு, பிள்ளைகளுக்கு அடுத்தது, ஆக்கியவளுக்குத் தலையும் ஆணமும். யாரும் வேண்டுமென்று செய்வதல்ல, அவளும் முறையிடுவதில்லை. ஆனால் இரும்பு அதிகம் தேவைப்படுகிறவள் அந்த வீட்டில் அவள்தான். கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹனில் கை வைக்கும்போது பங்கு கேட்பது அழகில்லை, அது சரி. வீட்டு அடுப்படியில் கேட்கலாம்.

2022 பொருளாதார நெருக்கடியில் இந்தக் கணக்கு முழுதாகச் சிதறியது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. முட்டையும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போயின. அதற்கு முந்திய வருடத்து இரசாயன உரத் தடையில் வயல் விளைச்சலும் விழுந்திருந்தது. அந்த செப்டெம்பரில் உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் வெளியிட்ட அறிக்கை, இலங்கையில் 63 இலட்சம் பேருக்கு உணவுப் பாதுகாப்பு இல்லை என்றது. அப்போது எல்லார் வீட்டிலும் முதலில் சுருங்கியது சோறு இல்லை, சோற்றுக்குப் பக்கத்தில் இருப்பவை. வயிறு நிறைந்தது, பீங்கான் வெளுத்தது. 1973 முதல் கிளினிக்குகளில் கொடுத்துவரும் திரிபோஷாவுக்குக்கூட அந்த நாட்களில் தட்டுப்பாடு வந்தது. சோளமும் சோயாவும் கலந்து விற்றமின்களும் கனியுப்புகளும் சேர்த்த அந்தப் பைக்கற் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உரியது. வீட்டில் எல்லாருக்கும் அதில் உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டு, அவளுக்கு ஒன்று மிஞ்சுவதும் நடப்பதுதான்.

கல்சியத்துக்கு நமக்குக் கடல் பக்கத்தில் இருக்கிறது. வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் என்பது பல நாடுகளின் கணக்கு. ஐம்பது தாண்டிய பெண்களுக்கு அமெரிக்கா 1200 என்கிறது. கரைவலை இழுத்த காலை வேளையில் மணலில் குவிக்கும் நெத்தலியும் கீரியும் சூடையும் முள்ளோடு தின்னக்கூடியவை. கல்சியம் அந்த முள்ளில்தான். முள்ளோடு பதப்படுத்திய டின் மீன் 100 கிராமில் 380 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. 200 கிராம் எருமைத் தயிரில் 300க்கு மேல். அறக்குளாத் துண்டுக்கு இருக்கும் மரியாதை நெத்தலிப் பொரியலுக்கு இல்லை. கல்சியம் என்று பார்த்தால் நெத்தலிதான் பணக்காரன். கருவாடு என்றால் மட்டும் உப்பைக் கவனிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் உப்பில் 1995 முதல் சட்டப்படி அயடீன் இருக்கிறது, மீனிலும் இருக்கிறது. ஆகவே 150 மைக்ரோகிராம் அயடீனுக்காக யாரும் உப்பைக் கூட்ட வேண்டியதில்லை.

அரிசியைப் பற்றி ஒரு சொல். இன்றைய ஜகார்த்தாவான படேவியாவில் ஐக்மன் என்ற டச்சு டொக்டர், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகள் கால் இழுத்து விழுவதையும், தவிட்டோடு கொடுத்தால் எழும்புவதையும் கண்டார். அந்த வழியில்தான் உலகம் பி1 விற்றமினைக் கண்டுபிடித்தது, அவருக்கும் 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 மணிக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே சம்மாந்துறை, நிந்தவூர் வயல் நெல்லை அவித்துக் குத்திய நாட்டரிசி, கலியாண வீட்டு வெள்ளைப் பச்சையைவிட மேல். ஆனால் அதையும் நாலைந்து தண்ணீரில் அலசி ஊற்றினால் பி1உம் அதோடு போகும்.

கூடினால் கெடுதி என்ற பக்கத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. மாட்டீரல் 100 கிராமில் விற்றமின் ஏ 9000 மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கும். உச்ச வரம்பு ஒரு நாளைக்கு 3000. எப்போதாவது தின்னுகிறவருக்கு ஒன்றுமில்லை. கர்ப்பிணிக்கு 'இரத்தம் ஊறட்டும்' என்று நாளாந்தம் ஈரல் ஆக்கிக் கொடுப்பது குழந்தைக்கே ஆபத்து. வெளிநாட்டுப் போத்தல்களில் விற்றமின் டி 5000 அலகு என்று வருவதும் உண்டு. எழுபது வரை தேவை 600, அதற்கு மேல் 800, வரம்பு 4000. இரத்தம் பார்த்து டொக்டர் எழுதித் தந்தால் அது வேறு. கடற்கரை ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை என்றாலும், வீட்டுக்குள்ளேயே நாள் போகிறவர்களுக்கும் உடம்பு மூடிய உடையோடு வெளியே போகிறவர்களுக்கும் அந்த வெயில் தோலில் படுவதில்லை. மதிலுக்குள் உடுப்புக் காயப்போடும் நேரத்தில் கையில் படும் வெயிலுக்கும் கணக்கு உண்டு.

சுகாதார அமைச்சின் 2011 உணவு வழிகாட்டி மில்லிகிராமை ஓரத்தில் வைத்துவிட்டுப் பங்குகளில் பேசியது. மரக்கறி 3 முதல் 5 பங்கு, பழம் 2 முதல் 3, மீன், பருப்பு, இறைச்சி, முட்டை எல்லாம் சேர்த்து 3 முதல் 4. அடுப்படிக்கு அதுதான் தோது. தராசு வைத்து யாரும் ஆணம் காய்ச்சப் போவதில்லை.

இந்த அட்டவணைகள் எல்லாம் ஆரோக்கியமானவர்களுக்கென்று போட்டவை. நம் ஊரில் நாற்பது தாண்டிய பலருக்கு அந்த இடத்திலேயே கணக்கு முறிந்துவிடுகிறது. சீனி வருத்தத்துக்கு வருடக் கணக்கில் மெட்போமின் குடிக்கிறவருக்கு, தினமும் மீன் தின்றாலும் பி12 குறையலாம். கால் விறைத்தால் சீனியின் குற்றம் என்று விட்டுவிடாமல் அதையும் ஒரு தடவை இரத்தத்தில் பார்க்கச் சொல்லலாம். அறுபத்தைந்து தாண்டியவருக்குத் தசை கரையாதிருக்க கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று முதியோர் மருத்துவ நிபுணர்கள் பலர் சொல்கிறார்கள். பல்லில்லாத மூத்தம்மாவுக்குக் கஞ்சியும் பிஸ்கட்டும் மட்டும் கொடுத்துவந்தால் அது எட்டாது. அவித்த முட்டை, முள் எடுத்துப் பிசைந்த மீன், தயிர் எல்லாம் அவருக்குத் தின்ன ஏலும். சிறுநீரகம் பழுதானவருக்கோ இதற்கு நேர்மாறு. புரதமும் பொட்டாசியமும் கிளினிக்கில் சொன்ன அளவுக்கு மேல் போகக் கூடாது, பேரீச்சம்பழமும் இளநீரும்கூட எண்ணித்தான். அவர் வீட்டு அலுமாரியில் அந்தப் போத்தல் இருந்தால், அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு அதையும் எடுத்துப் போய் டொக்டரிடம் காட்ட வேண்டும்.