மறுபடியும் முதலிலிருந்தா?

ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தையைப் பார்க்க அந்தியூருக்குப் போயிருந்தேன். தங்கியிருந்த வீட்டில் எட்டு வயதுப் பெண் கீதம் பாடிக்கொண்டிருந்தாள். “நடு வரியிலிருந்து எடு” என்றார் பாட்டு வாத்தியார். குழந்தை திருதிருவென்று விழித்தது. பிறகு முதல் வரியிலிருந்து ஓடி வந்தது. மறுபடி கேட்டார். மறுபடியும் முதலிலிருந்தே!

“இவளுக்குப் பாட்டு வராதுங்கக்கா. இந்த மாசத்தோட நிறுத்திப் போடலாமுன்னு இருக்கறனுங்க” என்றாள் தாயார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு எழுந்தால் அவசரப்படாதீர்கள்!

அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சங்கீதம் போதித்தவர் ஜீன் பாம்பெர்கர் அம்மையார். பியானோ மேதை ஆர்தர் ஷ்னாபெலிடம் பயின்றவர். மாணவன் தப்புச் செய்தால், எப்படி யோசித்து அதைச் செய்தான் என்று துருவிப் பார்ப்பது அவர் வழக்கம்.

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் மணிகளைக் குழந்தைகளிடம் கொடுத்து, தெரிந்த மெட்டு ஒன்றை வாசிக்கச் சொன்னார். குழந்தைகள் மணிகளை ஸ்வர வரிசையில் வைக்கவில்லை. பாட்டில் வருகிற வரிசையில் வைத்தார்கள். ஒரே ஸ்வரம் இரண்டு இடத்தில் வந்தால் இரண்டு மணி தேடினார்கள்! அவர்களுக்குப் பாட்டு என்பது நடந்து பழகிய பாதை. தெருமுனையிலிருந்து கிளம்பினால்தான் வீடு தெரியும். நடுவழியில் இறக்கிவிட்டால் திகைப்புத்தான்.

பிறகு கம்ப்யூட்டரும் துணைக்கு வந்தது. அவருடைய ‘இம்ப்ராம்ப்டு’ என்ற மென்பொருளில், திரையிலே சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றும் மெட்டின் ஒரு துண்டை இசைக்கும். கேட்டுக் கேட்டு அடுக்கி ஒரு பாட்டாக்க வேண்டும். எதை ஏன் மாற்றினோம் என்று மாணவர்கள் குறித்தும் வைக்க வேண்டும். சங்கீதமே கற்றிராத கல்லூரி மாணவர்களும் எது முடிவுபோல் நிற்கிறது, எது நடுவில் தொங்குகிறது என்று காதாலேயே உணர்ந்து சீர்செய்வதை, 2003-ல் வெளியான கட்டுரையில் அவர் காட்டினார்.

நம் சங்கீதத்துக்கும் கம்ப்யூட்டர் அந்நியமல்ல. 2011-ல் பார்ஸிலோனாவில் தொடங்கிய ஆராய்ச்சியில் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்தது, கமகத்தின் வளைவுகள் திரையில் கோடாக வந்தன. ஆனால் கமகத்தைப் பார்க்கத்தான் யந்திரம் வேண்டும். குழந்தையின் யோசனையைப் பார்க்க நாலு அட்டைத் துண்டு போதும்!

கீதத்தை வரி வரியாக அட்டைகளில் எழுதிக் கலைத்துப் போடுங்கள். பாடிப் பார்த்து அடுக்கச் சொல்லுங்கள். தப்பாக வைத்தால் அதட்டாமல், “ஏன் கண்ணு இதை இங்கே வெச்சே?” என்று கேளுங்கள்.

அந்தியூரில் அன்று மாலை அதைத்தான் செய்தோம். மூன்றாவது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள் அம்மிணி. பிறகு, “இது மேல ஏறிப் போற எடமுங்க” என்று சொல்லி, அங்கிருந்தே பாட ஆரம்பித்தாள்.

தாயார் என்னைப் பார்த்தாள். மறுநாள் வாத்தியார் வந்தபோது, பாட்டை நிறுத்துகிற பேச்சை அவள் எடுக்கவே இல்லை.