திருமழபாடிக் கல்வெட்டுப் படியும் கணினிக் கோப்புகளின் காப்புநகலும்

திருமழபாடி வைத்தியநாதசுவாமி கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமாறு முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1013) ஆணையிட்டபோது, சுவர்களில் இருந்த கல்வெட்டுகள் முன்னதாகப் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1026) அப்புத்தகத்திலிருந்து அவை மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டன. சுவர் அழிந்தபோதும் புத்தகம் அழியவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. காப்புநகலின் இலக்கணம் அதுவே. ஒத்திசைவு என்பது வேறு. மூலத்தில் நேரும் நீக்கத்தையும் அது நகலுக்குக் கடத்தவல்லது.

கல்வெட்டு மைப்படிகளின் மின்படிமங்களைச் சேமிக்கும் ஆய்வாளர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்கின்றனர். ஆண்ட்ரூ டிரிஜெல், பால் மக்கெராஸ் ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க் என்னும் கட்டளைவரிக் கருவி இரு பணிகளையும் செய்யும். இயல்புநிலையில் அது எதையும் நீக்குவதில்லை. ஆயினும் மூலத்தில் மாறிய கோப்பை நகலின்மேல் எழுதிவிடும். ‘டெலீட்’ என்னும் விருப்பைச் சேர்த்தால், மூலத்தில் இல்லாதவை நகலிலும் நீங்கும். திருமழபாடியில் இவ்விருப்பு செயற்பட்டிருப்பின் புத்தகம் வெற்றேடாகியிருக்கும். ‘பேக்கப்’ விருப்புடன் ‘பேக்கப்-டிர்’ விருப்பையும் சேர்த்தால், நீங்குவனவும் மாற்றப்படுவனவும் தனிக் கோப்புறையில் எஞ்சும். ‘டிரை-ரன்’ விருப்பு, நிகழவிருப்பதை முன்கூட்டியே பட்டியலிட்டுக் காட்டும்.

கருவி கோப்பின் அளவையும் திருத்திய நேரத்தையும் மட்டுமே இயல்பாக ஒப்பிடுகிறது. அவ்விரண்டும் மாறாமல் உள்ளடக்கம் மட்டும் சிதைந்த படிமம் அதற்குத் தென்படாது; ‘செக்சம்’ விருப்பே அதனைக் காட்டும். படியைக் கல்லோடு வரிவரியாக ஒப்புநோக்குவதற்கு நிகரான பணி இது, காலம் மிகுதியாகும்.

தமிழ்க் கோப்புப் பெயர்களுக்கே உரிய இடர் ஒன்றுண்டு. ஒருங்குறியில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும், ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக் கணினிகளின் எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. லினக்ஸோ தந்த வடிவையே வைத்துக்கொள்ளும். எனவே ‘சோழர்’ என்னும் பெயரில், கண்ணுக்கு வேறுபாடு தெரியாத இரு கோப்புறைகள் லினக்ஸில் அமையக்கூடும். அந்நிலையில் மேக்கிலிருந்து ‘டெலீட்’ விருப்புடன் ஒத்திசைத்தால், லினக்ஸில் உருவாக்கிய கோப்புறை மிகையெனக் கருதப்பட்டு நீங்கும். அதில் மட்டும் செய்த திருத்தங்களும் உடன் மறையும். ‘ஐகான்வ்’ விருப்பில் மேக்கின் குறியாக்கத்தைச் சுட்டுவது இதனைத் தவிர்க்கும். இவ்விருப்பு 3.0 பதிப்பு முதலே உண்டு. மேக்குடன் நெடுங்காலம் வழங்கப்பட்ட 2.6.9 பதிப்பில் இல்லை.