காரின் தட்டல் ஒலி

நிபோங் திபால் வட்டாரத்திலிருந்து பினாங்குத் தீவுக்கு வேலைக்குச் செல்வோர் பலர், பத்து காவானில் தொடங்கும் இரண்டாவது பினாங்குப் பாலத்தைக் கடக்கின்றனர். 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலம், கப்பல்கள் செல்ல வசதியாக நடுப்பகுதியில் உயர்ந்து செல்கிறது. இத்தகைய ஏற்றத்தில் வேகமிதியை அழுத்தும்போது, தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவதுபோல் ‘டிக் டிக் டிக்’ என்ற ஒலி சில கார்களில் எழும். காலை எடுத்தவுடன் நின்றுவிடும். நின்றுவிடுவதாலேயே பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. வானொலியின் ஒலியைக் கூட்டிக்கொண்டு போய்விடுகின்றனர். ஆனால், கடுமையான தட்டல் நீடித்தால் பிஸ்டன் விளிம்பு உடையும். பிஸ்டனில் ஓட்டையே விழுவதும் உண்டு. பழைய காராக இருந்தால், பழுதுபார்க்கும் செலவு காரின் விலையை நெருங்கிவிடும்.

இந்த ஒலி எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் இயந்திரத்தில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலெழுந்து நெருக்குகிறது. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னரே ஸ்பார்க் பிளக் பொறியை உண்டாக்குகிறது. பொறியிலிருந்து கிளம்பும் தீ, காய்ந்த புல்வெளியில் பரவுவதுபோல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகப் பரவ வேண்டும். நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் இயந்திரத்தில், ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 25 முறை இது நடக்கிறது. தீ வந்து சேர்வதற்குள், மூலையில் எஞ்சியிருக்கும் கலவை அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் தானாகவே வெடித்துவிட்டால், அந்த அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவரில் மோதுகிறது. நம் காதில் விழுவது அந்த மோதல்தான்.

வேகமெடுக்கும்போது மட்டும் ஏன் கேட்கிறது? வேகமிதியை அழுத்தினால் அதிகக் காற்றும் பெட்ரோலும் உள்ளே நுழைகின்றன. அதனால் சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் கூடுகின்றன. கையால் கியர் மாற்றும் காரை, வேகம் குறைந்த நிலையிலும் உயர்ந்த கியரிலேயே வைத்து ஏற்றத்தில் தள்ளாடவிட்டால் நிலைமை மோசமாகும். இயந்திரம் மெதுவாகச் சுழல்வதால், எஞ்சிய கலவை தானாக வெடிக்க அதிக நேரம் கிடைக்கிறது.

பெட்ரோல் நிலையத்தில் காணப்படும் 95, 97 என்ற எண்கள் இந்தத் தட்டலோடு தொடர்புடையவை. ஐசோஆக்டேன் என்னும் பொருளுக்கு 100 என்றும், எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0 என்றும் எண் வகுத்துள்ளனர். 95 விழுக்காடு ஐசோஆக்டேனும் 5 விழுக்காடு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த அளவு தட்டலைத் தாங்குமோ, அதே அளவு தாங்கும் பெட்ரோலே ரோன் 95. எண் உயர்ந்தால் தட்டலைத் தாங்கும் திறன் உயரும். சக்தி தானாக உயர்ந்துவிடாது. 95 போதும் என்று காரின் கையேடு கூறினால், நல்ல நிலையிலுள்ள காருக்கு 97 ஊற்றுவது பெரும்பாலும் வீண்செலவுதான். முற்காலத்தில் தட்டலைத் தடுக்கப் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தனர். 1921இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட இவ்வழி, இயந்திரத்தைக் காத்தது. குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. கார்களுக்கான ஈயப் பெட்ரோலை உலகம் முற்றாகக் கைவிட 2021 வரை நூறு ஆண்டுகள் பிடித்தன.

எல்லாத் தட்டலும் இந்தத் தட்டல் அன்று. இதை மறந்துவிட்டுக் கையில் அகப்பட்ட பாகத்தையெல்லாம் மாற்றினால், பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிடும். தேர்ந்த மெக்கானிக் முதலில் கருவியை எடுப்பதில்லை, கேள்வி கேட்கிறார். எப்போது ஒலிக்கிறது? திருப்பத்தில் ‘கடக் கடக்’ என்று கேட்டால், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் அச்சின் மூட்டு தேய்ந்திருக்கலாம். கியர் போட்டுக் கிளம்பும்போது ‘டொம்’ என்று ஒருமுறை இடித்தால், இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர் தாங்கிகளைப் பார்க்க வேண்டும். புகைக்குழாயின் வெப்பத்தடுப்புத் தகடு தளர்ந்தாலும் கலகலவென்று ஒலிக்கும். அதற்கு ஒரு திருகாணி போதும். ஆழ்ந்து ‘டக் டக்’ என்று அடிக்கும் ஒலிதான் அச்சுறுத்துவது. அது பிஸ்டன் தண்டின் அடித் தாங்கி தேய்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது இயந்திரத்தை உடனே நிறுத்தி, காரை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும்.

பெட்ரோல் தட்டல்தானா என்பதை அறிய மலிவான சோதனை ஒன்று உண்டு. தொட்டி ஏறக்குறையக் காலியானதும் ரோன் 97 நிரப்பி, அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கலாம். ஒலி குறைந்தால் ஐயம் வலுக்கிறது. எனினும், மூலக் காரணம் அப்படியே இருக்கிறது. அடுத்துக் குளிர்விப்பு நீரையும் ரேடியேட்டர் விசிறியையும் சோதிக்க வேண்டும், ஏனெனில் அளவுமீறிச் சூடேறிய இயந்திரம் எளிதில் தட்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. ஸ்பார்க் பிளக் அந்த இயந்திரத்திற்குரிய வகைதானா என்பதையும் பார்க்க வேண்டும். நெரிசலில் குறுந்தூரமே ஓடும் கார்களில் பிஸ்டன் தலையில் கரி படிகிறது. அது கலவைக்குரிய இடத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டுவதோடு, தணல்போல் கனன்று தீயையும் மூட்டக்கூடும். கரியை நீக்கினால் பல கார்களில் ஒலி அடங்கும்.

இக்காலக் கார்கள் பலவற்றில் தட்டலைக் கேட்கும் ‘காது’ ஒன்று இயந்திரத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. தட்டல் உணரி எனப்படும் அதனுள் அதிர்வை மின் அழுத்தமாக மாற்றும் பொருள் உண்டு. அதன் செய்தி கிடைத்ததும் கணினி பொறியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. தட்டல் அடங்குகிறது, சக்தியும் சிறிது குறைகிறது. உணரியோ அதன் கம்பியோ கெட்டுவிட்டால், பட்டறையிலுள்ள கருவி பழுதுக் குறியீட்டைக் காட்டும். புதிய உணரியைக் கையேடு குறிப்பிடும் அளவுக்கே முறுக்க வேண்டும். தளர்ந்தால் அதற்குச் சரியாகக் கேட்காது. வேலை முடிந்தபின், காரைப் பட்டறை வாசலில் உறும வைத்துப் பார்த்தால் போதாது. அதே ஏற்றத்தில், அதே சுமையோடு, வானொலியை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும்.