மின்னாவணத்தில் மறையும் பஞ்சமி நிலம்

செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் விளைவாக, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையுடன் நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. முதல் பத்தாண்டுகள் விற்கக் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம்.

இன்று பட்டாவும் 'அ' பதிவேடும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால், கணினியில் ஏற்றப்பட்டவை பெரும்பாலும் 1980களின் யு.டி.ஆர். பதிவுகளே. அப்போது நிபந்தனைக் குறிப்பு விடுபட்டிருந்தால், அந்த விடுபடலும் மின்வடிவம் பெற்றுவிட்டது. திரையில் குறிப்பு இல்லை என்பது பஞ்சமி நிலம் அன்று என்பதற்குச் சான்றாகாது. எனவே, யு.டி.ஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் சான்றளிக்கப்பட்ட நகலைக் கோருங்கள். மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு.

பழைய தாளைக் கைப்பேசியில் படமெடுத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னாவணத்துடன் சான்றிதழும் கேட்கிறது. கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியிலும் வல்லுநர் மறுபகுதியிலும் கையொப்பமிட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அம்மதிப்பு மாறிவிடும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும் என்பதால், மூலக்கோப்பைத் தனியே காப்பது கட்டாயம்.